பி300 அலையை முதன்முறை பதிவு செய்பவருக்கு: எண்ணெய் தேய்த்த தலை முதல் வரைபடம் வரை

மூளையின் மின் எதிர்வினையை அளந்து மனநோயைப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த அலை எந்த நோய்க்கு?" என்றுதான். ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம், சிரமமில்லை. ஆனால் அந்தப் பட்டியலோடு வேலையைத் தொடங்கியவர்கள் தப்பான முடிவுக்குப் போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒருவரின் அலை சிறிதாக வருவதற்கு நோய் ஒரு காரணம், அவ்வளவுதான். தலையில் எண்ணெய் இருந்தாலும் அலை கெடும். இரவு தூங்காமல் வந்தாலும், மாத்திரை போட்டிருந்தாலும், சொன்ன விளக்கம் புரியாமல் தலையாட்டியிருந்தாலும், கணினி ஒலியைத் தாறுமாறாகத் தாமதித்தாலும் அலை சிறுக்கும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் நோயைப் பற்றி வாய் திறக்க வேண்டும். எப்படிக் கழிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், பள்ளிக்கூடம் சிலருக்கு அது, சிலருக்கு இது. இந்த ஆய்வில் இந்த விஷயம் எவ்வளவு முக்கியம் என்பது போகப் போகத் தெரியும்.

எதை அளக்கிறோம்

மூளையின் மேலுறையில் பிரமிடு வடிவ நரம்பணுக்கள் ஒரே திசையில் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஏராளமானவை ஒரே நேரத்தில் சமிக்ஞை பெறும்போது எழும் சிறு மின்னழுத்தங்கள் ஒன்றுசேர்ந்து மண்டையோட்டைத் தாண்டி வெளியே வருகின்றன. அதைத் தலைத்தோலில் பிடிப்பதுதான் இஇஜி. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரிடம் முதலில் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார்.

இஇஜியின் அளவு பத்து, இருபது, ஐம்பது மைக்ரோவோல்ட் என்று ஏறி இறங்கும். ஒரு ஒலியைக் கேட்டதற்கோ, ஒரு சொல்லைப் படித்ததற்கோ மூளை தரும் பதில் அதற்குள் சில மைக்ரோவோல்ட்தான். வாரச்சந்தை இரைச்சலில் ஒருவர் மணி அடிக்கும்போதெல்லாம் ஒரே சொல்லை முணுமுணுக்கிறார் என்று வையுங்கள். ஒருமுறை பதிவு செய்தால் கேட்காது. நாற்பது பதிவுகளை மணியோசை ஒன்றன்மேல் ஒன்று விழும்படி அடுக்கிச் சராசரி எடுத்தால், சந்தை இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், முணுமுணுப்பு நிற்கும். இப்படிக் கிடைப்பதற்கு நிகழ்வுசார் மின்னழுத்தம் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஈஆர்பி என்றுதான் சொல்வோம்.

கணக்கு எளிது. இரைச்சல், தடவைகளின் வர்க்கமூலத்தால் வகுபட்டுக் குறையும். ஒரு தடவையில் 20 மைக்ரோவோல்ட் இருந்தால் 16 தடவைக்கு 5, 100 தடவைக்கு 2. அதாவது இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு பதிவு வேண்டும். அதனால்தான் தலையைச் சுத்தமாகத் தயார் செய்ய இருபது நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பது, பிறகு கணினியில் செய்யும் எந்த வித்தையையும்விட லாபம்.

முதல் படி: கேள்விக்கேற்ற அலையைத் தேர்ந்தெடுங்கள்

பி300: 1965இல் சாமுவேல் சட்டனும் கூட்டாளிகளும் காட்டியது. அடிக்கடி வரும் ஒலிகளுக்கு நடுவே அரிதாக வேறொரு ஒலி வந்து, அதை ஆள் கவனித்து எண்ணினால், 300 மில்லி விநாடிக்குப் பிறகு உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு நேர்மின் மேடு எழும். கவனமும், மனதில் வைத்திருக்கும் தகவலைப் புதுப்பிப்பதும் இதில் தெரியும். வயது ஏற ஏற இது தாமதமாகும், மறதி நோயில் இன்னும் தாமதமாகும்.

எம்எம்என் (மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி): கவனிக்காமல் இருந்தாலும் வரும். ஆள் ஒலியில்லாத படம் பார்த்துக்கொண்டிருக்க, காதில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப ஒலிக்கும். நடுவில் ஒன்று மாறினால் 150 முதல் 250 மில்லி விநாடிக்குள் முன்தலையில் எதிர்மின் சரிவு. பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானன் 1978இல் எழுதினார். பணியைச் செய்ய முடியாத நோயாளிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஏற்றது.

என்400: பொருள் பொருந்தாத சொல்லுக்கு 400 மில்லி விநாடி வாக்கில் வரும் எதிர்மின் சரிவு. மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் காட்டினார்கள். தவறு செய்த உடனே, நூறு மில்லி விநாடிக்குள் எழும் ஈஆர்என் என்ற எதிர்மின் அலை 1990களின் தொடக்கத்தில் வந்தது. எண்ணச் சுழல் நோயிலும் (ஓசிடி) பதற்றத்திலும் இது பெரிதாக இருப்பது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது.

முதல் ஆய்வுக்கு பி300 போதும் என்பது என் தீர்மானமான கருத்து. அலை பெரியது, 30 அல்லது 40 அரிய ஒலிகள் இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், எங்கே தவறினோம் என்பதும் சீக்கிரம் பிடிபடும். எம்எம்என் சின்ன அலை, 150 அல்லது 200 மாறிய ஒலிகளாவது வேண்டும்.

இரண்டாம் படி: அனுமதியும் ஆட்களும்

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒருவர் தலையிலும் கை வைக்கக்கூடாது. ஒப்புதல் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் தயாராக இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் தமிழ் பேசுபவர் தமிழ் படிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். மலையாளம் படித்துத் தமிழ் பேசும் பெரியவர்கள் நிறையப் பேர். வாசித்துக் காட்டி, "என்ன புரிஞ்சுதுங்க, ஒருக்கா சொல்லுங்க" என்று திரும்பக் கேளுங்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஷாக் அடிக்குங்களா?" நேராகப் பதில் சொல்லுங்கள்: "இல்லீங்க. இந்த மெஷின் உள்ளே எதையும் அனுப்பாது. உங்க தலையில இருந்து வர்றதை வாங்கிக்கும், அவ்வளவுதான்." மனநல மருத்துவமனையில் மின் சிகிச்சை பார்த்த குடும்பத்துக்கு இந்தப் பயம் நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள்.

ஒப்பீட்டுக் குழுதான் இதில் பெரிய விஷயம். நெல்லியாம்பதி எஸ்டேட்டிலிருந்து வந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு எதிரே கல்லூரி மாணவர்களை நிறுத்தினால் அந்த ஆய்வு அங்கேயே முடிந்தது. வயது, படிப்பு, தூக்கம், புகை, சோதனைக்கூடம் என்றால் என்ன என்ற பழக்கம், எல்லாமே வேறு. நோயாளியின் அண்டை வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர் என்று தேடிப் பிடியுங்கள். கஷ்டம்தான், ஆனாலும் அதற்கு மாற்று கிடையாது. போட்டிருக்கும் மாத்திரையின் பெயரும் அளவும், அன்றைக்குக் குடித்த டீ, காபி, பீடி, முந்தைய இரவு தூங்கிய நேரம், எந்தக் கைப் பழக்கம், காது நன்றாகக் கேட்கிறதா என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பணியை அமையுங்கள்

1000 ஹெர்ட்ஸ் ஒலி அடிக்கடி, 2000 ஹெர்ட்ஸ் ஒலி அரிதாக. மொத்தம் 200, அதில் 40 அரியவை. இரண்டு அரிய ஒலிகள் அடுத்தடுத்து வராமல் வரிசை கலையுங்கள். சராசரி இடைவெளி ஒன்றரை விநாடி, அதுவும் கொஞ்சம் கூடக் குறைய மாறிக்கொண்டே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் முடியும். நடுவில் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். அரிய ஒலியை மனதில் எண்ணச் சொல்லலாம் அல்லது பட்டனை அழுத்தச் சொல்லலாம். எனக்குப் பட்டன்தான் பிடிக்கும். ஆள் விழித்திருக்கிறாரா, பணி புரிந்ததா என்பதை அது உடனுக்குடன் காட்டிவிடும்.

புரிந்ததா என்பதற்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம், பி300 கவனத்தால் எழுவது. எந்த ஒலிக்கு அழுத்த வேண்டும் என்று குழம்பி நிற்கும் ஆளின் அலை, கவனக்குறைவு நோயாளியின் அலை மாதிரியே தாழ்ந்திருக்கும். விளக்கத்தை அவர் வீட்டில் பேசும் மொழியில், பேச்சு நடையில் சொல்லுங்கள். பத்து ஒலி ஒத்திகை கொடுத்து, அதில் தவறாமல் அழுத்திய பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

ஒலி கேட்ட கணத்தைப் பதிவுக் கருவிக்குச் சொல்லும் ட்ரிகரை ஆள் வருவதற்கு முன்பே சோதியுங்கள். கணினியின் ஒலி வெளியீட்டைத் தனியே ஒரு சானலில் பதிவு செய்து, ட்ரிகர் கோட்டுக்கும் ஒலி தொடங்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எப்போதும் ஒரே 30 மில்லி விநாடி தாமதம் என்றால் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் மாறினால் சராசரியில் அலை கலங்கி அகலமாகிச் சிறுக்கும். புளூடூத் இயர்போனைத் தொடவே தொடாதீர்கள், வயர் வைத்ததே வேண்டும். படம் காட்டும் பணியாக இருந்தால் திரையின் மூலையில் ஒளி உணரியை ஒட்டி இதே சோதனையைச் செய்யுங்கள்.

நான்காம் படி: தலை

முந்தைய நாளே சொல்லி அனுப்ப வேண்டியது: ராத்திரி ஷாம்பு அல்லது சீயக்காய் போட்டுக் குளிக்க வேண்டும், காலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்புவதே இந்தப் பக்கம் பலருக்குப் பழக்கமில்லை. ஆகவே ஒருமுறை சொன்னால் போதாது, காலையில் ஃபோன் போட்டும் நினைவுபடுத்துங்கள். மல்லிகைச் சரம், ஹேர்பின், கிளிப் எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கோயிலுக்குப் போய் நெற்றியில் சந்தனம் வைத்து வந்தால், அனுமதி கேட்டு ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, முடிந்ததும் மறுபடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்களின் தலையைத் தயார் செய்வது ஒரு பெண் மாணவியாக இருப்பது நல்லது.

அப்புறம் அளவெடுப்பு. ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட 10-20 முறைதான் இன்றும் அடிப்படை. மூக்குத்தண்டு நெற்றியில் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பு முடிச்சு வரை டேப் வைத்து அளங்கள். 36 சென்டிமீட்டர் வந்தால், முன்னாலிருந்து 10.8இல் எஃப்இசட் (முன்தலைப் புள்ளி), 18இல் சிஇசட் (உச்சிப் புள்ளி), 25.2இல் பிஇசட் (உச்சிக்குச் சற்றுப் பின்). இந்தக் கடைசிப் புள்ளியில்தான் பி300 பெரும்பாலும் உயர்ந்து நிற்கும். ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறு காதுக்கும் அளந்து, சிஇசட் அந்த நடுவிலும் விழுகிறதா பாருங்கள். எலக்ட்ரோடு துளைகள் வைத்த தொப்பி போட்டுவிட்டோமே என்று டேப்பை ஒதுக்காதீர்கள். தொப்பி இரண்டு சென்டிமீட்டர் பின்னால் சரிந்திருந்தால் பார்வையில் தெரியாது, டேப் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு எலக்ட்ரோடு துளையிலும் பஞ்சுக் குச்சியின் மறுமுனையால் முடியை இரண்டு பக்கமும் விலக்குங்கள், தோலின் நிறம் தெரியும்வரை. சுரசுரப்பான ஜெல்லைத் தொட்டு இரண்டு மூன்று சுற்று மெதுவாகத் தேயுங்கள். பிறகு கடத்தும் ஜெல்லை அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள். அதிகமாகப் போட்டால் பக்கத்துத் துளையோடு கலந்து இரண்டும் ஒரே பதிவாகிவிடும். இம்பீடன்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின் தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே வரட்டும். பெருக்கி உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் எலக்ட்ரோடு என்றால் அதைவிடக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. எண்ணெய்த் தலை என்றால் இந்த எண் இறங்கவே இறங்காது. அப்போது ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அந்த இடத்தை மட்டும் துடைத்துத் திரும்பவும் தொடங்குங்கள். சலிப்பு வேண்டாம்.

மற்ற எலக்ட்ரோடுகளின் மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்புநிலை எலக்ட்ரோடுகளைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் இருபுறமும் வையுங்கள். கண் சிமிட்டலைப் பிடிக்க ஒரு கண்ணுக்கு மேலும் கீழும், பார்வை நகர்வைப் பிடிக்க இரண்டு கண்களின் வெளி ஓரத்திலும் வையுங்கள்.

ஐந்தாம் படி: பதிவு

அறையில் டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இவற்றிலிருந்துதான் நுழைகிறது. மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுவது நல்லது. ஃபேனை அணைத்தால் வியர்க்கும், வியர்த்தால் தோலின் மின்னழுத்தம் மெதுவாக ஊர்ந்து கோடு முழுவதும் மேலும் கீழும் போகும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் இது சாதாரணத் தொல்லை இல்லை. ஏசி வேண்டும், இல்லையென்றால் காலை எட்டு மணிக்கு முன் பதிவை வையுங்கள்.

மாதிரியெடுப்பு விநாடிக்கு 500 தடவை இருந்தால் தாராளம். பதிவின்போது வடிகட்டியை (எந்த ஹெர்ட்ஸ் முதல் எது வரை உள்ளே விடுவது என்ற எல்லையை) அகலமாக விட்டுவிடுங்கள். வெட்டுவதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

முதலில் இரண்டு நிமிடம் கண்ணை மூடச் சொல்லுங்கள். பின்தலையில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை பெரும்பாலானவர்களிடம் எழும்பி நிற்கும். எல்லாம் ஒழுங்காக இணைந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். பல்லைக் கடிக்கச் சொல்லி, கண் சிமிட்டச் சொல்லித் திரையை அவரிடமே காட்டுங்கள். தாடையை ஏன் தளர்த்த வேண்டும் என்பது அப்போது அவருக்கே புரிந்துவிடும். ஆனால் "சிமிட்டவே கூடாது" என்று மிரட்டாதீர்கள். சிமிட்டாமல் இருப்பதே இன்னொரு வேலையாகி, அந்தக் கவனம் பி300இலிருந்து கழிந்துபோகும்.

ஆறாம் படி: கணினியில்

இலவச மென்பொருள்கள் போதும்: மேட்லேபில் இயங்கும் இஇஜிலேப், அதன் மேல் ஈஆர்பிலேப், அல்லது பைத்தானில் எம்என்இ. உங்கள் தரவைத் தொடுவதற்கு முன்னால் ஈஆர்பி கோர் என்ற திறந்த தொகுப்பை இறக்கிப் பழகுங்கள். 2021இல் வெளியானது, 40 பேரின் பதிவுகள், பி300 உட்பட ஏழு அலைகள், செய்முறை நிரல்களோடு.

வரிசை இது: 0.1 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டல், ஒலிக்கு 200 மில்லி விநாடி முன்னாலிருந்து 800 பின்னால் வரை துண்டாக்கல், முன் 200இன் சராசரியை அடிக்கோடாக, அதாவது பூஜ்ய நிலையாக வைத்துக் கழித்தல், கெட்ட துண்டுகளை நீக்கல், சராசரி. கோடு ஊர்கிறதே என்று கீழ் எல்லையை 1 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தாதீர்கள். கோடு அழகாகிவிடும், பி300 உருக்குலைந்துபோகும், இல்லாத எதிர்மின் சரிவும் முளைக்கும். கலந்து வரும் சமிக்ஞைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஐசிஏ என்ற கணக்கு முறையால் சிமிட்டலைப் பிரித்தெடுக்கலாம். அதற்குப் பிறகும் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளை நீக்குங்கள். ஒருவரிடம் கால்வாசிக்கு மேல் போய்விட்டால் அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த வரம்பைப் பதிவுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

அளப்பதற்கு 300 முதல் 600 மில்லி விநாடி வரையுள்ள சராசரி உயரத்தை, அரிய ஒலியிலிருந்து அடிக்கடி ஒலியைக் கழித்து எடுங்கள். உச்சப் புள்ளியை அளக்கும் ஆசை வரும், வேண்டாம். துண்டுகள் குறைந்து இரைச்சல் கூடினால் உச்சம் தானாகவே உயரும். நோயாளிகளிடம் எப்போதும் துண்டுகள் கூடுதலாக நீங்கும் என்பதால் இது நேராக முடிவையே திரித்துவிடும். நேர எல்லையையும் அலையைப் பார்த்த பிறகு மாற்றக் கூடாது.

தமிழில் என்400 செய்ய விரும்புபவர்களுக்கு

இங்கே நம் ஊருக்கென்றே நல்ல வேலை காத்திருக்கிறது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிகிறது. "முதலமடை மாம்பழத்தை நறுக்கிச் சாப்பிட்டேன்" என்பதற்கு எதிரே "நறுக்கி ஓட்டினேன்" என்று வைத்தால் பொருள் மட்டும் பிசகுகிறது, காலமும் விகுதியும் ஒன்றேதான். அப்படித்தான் இருக்க வேண்டும். விகுதியும் சேர்ந்து பிசகினால், இலக்கணப் பிழைக்கு 600 மில்லி விநாடி அளவில் வரும் பி600 கலந்துவிடும், இரண்டையும் பிரிக்க முடியாது. சொல்லின் நீளம், எவ்வளவு புழக்கத்தில் இருப்பது என்பதையும் இரு பக்கமும் சமமாக்குங்கள். மலையாளத்திலும் அதே ஒலியில் வேறு பொருள் தரும் சொற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் அரை விநாடிக்கு ஒரு சொல் காட்டுவது வழக்கம். ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொல்லுக்கு அது போதாது, முன்னோட்டம் பார்த்து நேரத்தைக் கூட்டுங்கள். தமிழ் எழுத்தை வேகமாகப் படிக்காதவருக்குத் திரையே வேண்டாம், காதில் கேட்கச் செய்யுங்கள். இன்னொன்று: தமிழ் வினை எழுவாய்க்கு ஏற்ப மாறும், மலையாள வினை மாறாது. இரண்டிலும் வளர்ந்த எல்லையோரத்துப் பிள்ளைகளின் மூளை "நான் வந்தான்" என்பதற்கு எப்படிப் பதில் சொல்லும்? ஒரு நல்ல ஆய்வேடு இதில் இருக்கிறது.

ஏழாம் படி: முடிவு சொல்வது

மனச்சிதைவு நோயில் பி300 தாழ்வது 1970களிலிருந்து தொடர்ந்து காணப்படுகிறது. எம்எம்என் தாழ்வது 1990களிலிருந்து காணப்படுகிறது. ஆனால் மது அடிமைத்தனத்திலும் பி300 தாழ்கிறது. ஹென்றி பெக்லெய்டர் குழு 1984இல், குடியே அறியாத சிறுவர்களிடமும், தந்தை மதுவுக்கு அடிமையாக இருந்தால் அலை தாழ்ந்திருப்பதைக் காட்டியது. மனச்சோர்விலும் கவனக்குறைவிலும் தாழ்வு தெரிகிறது. ஆக, தாழ்ந்த பி300 எந்த ஒரு நோயின் முத்திரையும் அல்ல. இரு குழுக்களின் சராசரி விலகி நின்றாலும், தனி ஆட்களின் அளவுகள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

பச்சிளங்குழந்தைகளின் கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா சோதனை வேறு வகை. பார்வை நரம்பைச் சோதிக்கும் விஇபியும் அப்படித்தான். அங்கே ஒரு தனி நபரின் அளவை இயல்பான எல்லைகளோடு ஒப்பிட்டு மருத்துவர் முடிவெடுக்க முடியும். மனநோயில் அந்த நிலை வரவில்லை. பிரெயின் மேப்பிங் என்று போலீஸ் விசாரணைகளில் அடிபட்டதும் பி300தான். ஒருவரின் சம்மதமின்றி அதைச் செய்வது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

எனவே, "என் மகனுக்கு ரிசல்ட் என்னங்க?" என்று ஒரு அம்மா கேட்டால், இந்த ஆய்வு பலரைச் சேர்த்துப் பார்ப்பது, தனி ஒருவருக்கு ரிசல்ட் தருவதில்லை என்று ஒப்புதல் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பதிவில் வலிப்பு அறிகுறி மாதிரி ஏதாவது தென்பட்டால் நீங்கள் விளக்க வேண்டாம். யாரிடம் அனுப்புவது என்று முன்னமே ஒரு நரம்பியல் மருத்துவரோடு பேசி வைத்திருங்கள்.

ஆய்வேட்டில் எழுதும்போது ஒவ்வொருவருக்கும் எத்தனை துண்டுகள் மிஞ்சின, எத்தனை பேரை நீக்கினீர்கள், ஏன், ஒப்புநிலை எங்கே, வடிகட்டி எல்லை என்ன, விளக்கம் எந்த மொழியில் சொன்னீர்கள், மாத்திரை விவரம் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். வரைபடத்தில் நேர்மின் மேலா கீழா என்று குறியுங்கள், பழைய கட்டுரைகள் பல தலைகீழாக வரையும். சராசரிக் கோட்டுக்குப் பின்னால் தனி ஆட்களின் கோடுகளையும் வெளிர் நிறத்தில் போட்டுவிடுங்கள்.